‘என்னால வலி தாங்க முடியாது’ என்று ஆபரேஷனுக்கு வருகிறவர்களை முன்கூட்டியே எப்படித் தயார் செய்வது?

பாலக்கோடு_பிசியோ (பதிவு 1)

வணக்கம். முழங்கால் மூட்டு மாற்று பற்றித்தான் முக்கியமாகக் கேட்கிறேன். குடலிறக்கம், சிசேரியன் என்று மற்றதையும் சேர்த்துப் பேசலாம்.

ஒரே வயது, ஒரே மாதிரி எக்ஸ்ரே, ஒரே சர்ஜன். மூன்றாவது வாரம் ஒருவர் 95 டிகிரி மடக்குகிறார், இன்னொருவர் 60-லேயே நிற்கிறார். தையலில் கோளாறு இல்லை, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. அந்த இரண்டாமவரிடம் உட்கார்ந்து பேசினால், ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் முன்பே வலியைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டிருப்பார். இதை அளக்க உளவியலாளர் மைக்கேல் சல்லிவன் குழுவினர் 1995-ல் ஒரு கேள்வித்தாள் கொண்டுவந்தார்கள். 13 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 52. மூன்று இழைகளைப் பிரித்துப் பார்க்கிறது: வலியையே அசைபோடுவது, அதை ஊதிப் பெரிதாக்குவது, கையறு நிலை.

நம் பக்கத்துப் பேச்சில் மூன்றும் தனித்தனியாகவே காதில் விழும். ‘ராத்திரி பூரா அதே நெனப்புதான்’ என்றால் முதல் இழை. ‘காலையே எடுத்துடுவாங்களோ’ என்றால் இரண்டாவது. ‘வலி வந்துட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க’ என்றால் மூன்றாவது. என் பார்வையில் மூன்றாவதுதான் பிசியோவுக்குப் பெரிய எதிரி. முதல் இரண்டும் உள்ளவர் பயந்துகொண்டே உடற்பயிற்சி செய்வார். மூன்றாவது உள்ளவர் தொடங்கவே மாட்டார்.

கேள்வி இதுதான்: கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் 13 வாக்கியம் படித்துக் காட்ட நேரம் கிடையாது. ஆபரேஷனுக்கு முன் இரண்டு மூன்று வாரம் கையில் இருந்தால் என்னவெல்லாம் செய்யலாம்?

தகடூர்_மயக்கவியல் (பதிவு 2)

நல்ல விவாதம். முதலில் ஒரு தவறான எண்ணத்தை எடுத்துவிடுகிறேன். ‘மனசுல நினைக்கிறதால வலி கூடுது’ என்றால் ‘அது கற்பனை வலி’ என்று உறவினர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. காயத்திலிருந்து தண்டுவடத்துக்கு வரும் செய்தியைக் கூட்டவும் குறைக்கவும் மூளையிலிருந்து கீழிறங்கும் நரம்புப் பாதைகள் இருக்கின்றன. நடுமூளையில் தொடங்கி முகுளம் வழியாகத் தண்டுவடத்தின் பின்கொம்புக்கு (வலிச் செய்தி வந்து சேரும் பகுதிக்கு) வருகின்றன. ‘இது ஆபத்து’ என்று மூளை எடை போட்டால் அந்த மடை திறக்கும், ‘இது எதிர்பார்த்ததுதான்’ என்று எடை போட்டால் மூடும். மெல்சாக், வால் என்ற இரண்டு வலி ஆய்வாளர்கள் 1965-ல் ‘வலியின் வாசல்’ பற்றி எழுதியதன் சாரம் இதுதான். உணரப்படுவது உண்மையான வலி, உண்மையாகவே கூடிய வலி.

மருந்துக்கும் இது பொருந்தும். 2011-ல் வெளிவந்த ஒரு ஆய்வில் எல்லோருக்கும் ரெமிஃபென்டனில் என்ற வலிமருந்து ஒரே அளவில் ஏறிக்கொண்டிருந்தது. மருந்து ஓடுகிறது, வலி குறையும் என்று சொன்னபோது அதன் பலன் ஏறத்தாழ இரு மடங்கானது. மருந்தை நிறுத்திவிட்டோம், இனி வலி கூடும் என்று சொன்னபோது, உண்மையில் மருந்து ஓடிக்கொண்டிருந்தும், பலன் காணாமல் போனது. ‘இந்த மாத்திரை எனக்குக் கேக்காது’ என்று முன்பே முடிவு செய்தவருக்கு மாத்திரை குறைவாகவே கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, 1964-ல் எக்பர்ட் என்ற மயக்க மருந்து மருத்துவரின் குழு செய்தது. வயிற்று ஆபரேஷனுக்கு வந்த 97 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினரிடம் முதல் நாளே போய், வலி எங்கே வரும், எவ்வளவு நாள் இருக்கும், தசை இறுகுவதால்தான் அது கூடுகிறது, படுக்கையில் எப்படித் திரும்ப வேண்டும், எப்படி மூச்சு விட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்ட போதை வலிமருந்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சராசரியாக 2.7 நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். மருந்து எழுதிய சர்ஜன்களுக்கு யார் எந்தப் பிரிவு என்று தெரியாது.

கவனியுங்கள், ‘பயப்படாதீங்க, வலிக்காது’ என்று அவர்கள் சொல்லவில்லை. வலிக்கும் என்று சொல்லி, அதை என்ன செய்வது என்றும் சொன்னார்கள்.

பர்கூர்_ஆர்த்தோ (பதிவு 3)

மாற்றுக் கருத்து ஒன்று வைக்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். மூட்டு மாற்று செய்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீண்ட நாள் வலி தங்குகிறது என்பது உலகெங்கும் தெரிந்த விஷயம். அதற்குக் காரணம் தேடும்போது ‘மனநிலை’ என்பது மிக வசதியான பதில். கிருமித் தொற்று, பொருத்திய பாகம் தளர்வது, அச்சு கோணலாக அமைவது, தொடை எலும்பின் பாகம் சற்றுச் சுழன்று உட்காருவது, இடுப்பிலிருந்தோ முதுகிலிருந்தோ வரும் வலி ஆகிய எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் மனதுக்கு வர வேண்டும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக்கும் இன்னொன்று உண்டு, தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வந்தது. அதற்கு முன் பல பத்தாண்டுகள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்கள்தான் இன்று 60 வயதில் மூட்டு மாற்றுக்கு வருகிறார்கள். எலும்பில் ஃபுளோரைடு படிந்தவருக்கு முதுகு கட்டையாகி, தசைநார்களில் சுண்ணாம்பு படிந்து, உடம்பு முழுக்க வலியும் இறுக்கமும் இருக்கும். முழங்காலை மட்டும் மாற்றினால் முதுகு வலி போகாது. இதை முன்பே சொல்லாமல் விட்டு, பிறகு ‘அம்மா ரொம்ப பயப்படுறாங்க’ என்று எழுதுவது அநியாயம்.

பயிற்சியால் பலன் உண்டா என்பதிலும் சந்தேகம் இருக்கிறது. பதிவு 1-ல் சொன்ன கேள்வித்தாளில் 16 அல்லது அதற்கு மேல் எடுத்த 402 பேருக்கு அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தி 2019-ல் முடிவு வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு வலியைச் சமாளிக்கும் பயிற்சி, ஒரு பிரிவுக்கு மூட்டுவாதம் பற்றிய பாடம், ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் மூன்று பிரிவிலும் வலி நன்றாகக் குறைந்திருந்தது. பிரிவுகளுக்குள் வித்தியாசமே இல்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஓசூர்_மனநல_ஆலோசகர் (பதிவு 4)

டாக்டர் சொன்ன அந்த 2019 சோதனையை மறைத்துவிட்டு இந்தத் தலைப்பில் யாரும் நேர்மையாகப் பேச முடியாது. நன்றி.

அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. வலியைப் பற்றிய பேரச்சம் கல்லில் வெட்டிய குணம் இல்லை. முழங்கால் வலியே அதை ஓரளவு வளர்த்திருக்கிறது. ஆபரேஷன் நன்றாக அமைந்து வலி குறைந்ததும், எந்தப் பயிற்சியும் இல்லாமலே அந்தக் கேள்வித்தாள் மதிப்பெண்ணும் இறங்குகிறது. ஆகவே மதிப்பெண் கூடுதலாக இருக்கிறது என்பதற்காக யாருக்கும் ஆபரேஷனைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மாதிரித் தாள்கள் கைக்கு வந்ததும் முதலில் நடப்பது அந்தத் தப்புதான்.

இரண்டாவது, எல்லோரையும் அந்தப் பயிற்சிக்கு எட்டு அமர்வு உட்கார வைப்பது தேவையில்லாத செலவு. ஆனால் முதல் ஆறு வாரம் வேறு விஷயம். ஒரு வருடம் கழித்து எல்லோரும் ஒரே இடத்துக்கு வரலாம். நடுவில் மூட்டு இறுகிப்போய், மயக்கம் கொடுத்து மடக்கிவிடும் நிலைக்குப் போனவருக்கு அந்த ஆறு வாரம் முக்கியம் இல்லையா? அங்கே வேலை செய்வது மனப் பயிற்சியைவிட, சரியான தகவலும் கையில் ஒரு திட்டமும்.

பாலக்கோடு சார் கேட்ட நேரப் பிரச்சினைக்கு: மூன்று கேள்வி போதும். ‘ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சதும் எப்படி இருக்கும்னு நினைக்கிறீங்க?’, ‘வலி வந்தா என்ன செய்வீங்க?’, ‘யார் சொல்லி இப்படித் தோணுது?’ இது பரிசோதித்து நிறுவப்பட்ட அளவுகோல் இல்லை, பேச்சைத் தொடங்கும் வழி மட்டும். இரண்டாவது கேள்விக்கு ‘என்ன செய்றது, கெடந்து சாவ வேண்டியதுதான்’ என்று பதில் வந்தால் அவருக்கு முழுத் தாளையும் படித்துக் காட்டுங்கள். 30-க்கு மேல் போனால் ஆலோசகரிடம் அனுப்புங்கள். மூன்றாவது கேள்விக்கு எப்போதும் ஒரு ஆள் இருப்பார், பக்கத்து வீட்டிலோ சந்தையிலோ.

ஊத்தங்கரை_செவிலி (பதிவு 5)

வார்டில் எங்கள் வாயிலிருந்து வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘தேள் கொட்டின மாதிரி சுருக்குனு இருக்கும், பல்லக் கடிச்சுக்கோம்மா’ என்று சொல்லித்தான் ஊசி போடுகிறோம். அன்பில்தான் சொல்கிறோம். ஆனால் 2010-ல் பிரசவத்துக்கு வந்த 140 பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். முதுகு ஊசிக்கு முன் மரத்துப்போக ஊசி போடும்போது ஒரு பாதியினரிடம் ‘பெரிய தேனீ கொட்டின மாதிரி இருக்கும், இதுதான் மோசமான கட்டம்’ என்றார்கள். மறு பாதியினரிடம் ‘இந்த இடம் மரத்துப்போகும், அப்புறம் உங்களுக்கு வசதியா இருக்கும்’ என்றார்கள். ஊசி ஒன்றுதான், வலி மட்டும் முதல் பிரிவில் 5, இரண்டாவதில் 3.

அதனால் ‘இப்ப இடம் மரத்துப்போக மருந்து போடுறேன், கொஞ்சம் இறுக்கமா தெரியும், மூச்ச மெதுவா விடுங்க’ என்பது போதும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘வலிக்குதா, வலிக்குதா’ என்று கேட்பதையும் விட வேண்டும். ‘இப்ப பரவாயில்லையா, கால அசைச்சுப் பாக்கலாமா’ என்று கேட்கலாம். வலியை அளக்கும் நேரத்தில் அளந்தாக வேண்டும், அதை மறைக்கச் சொல்லவில்லை. படுத்திருக்கும்போது ஒன்று, அசைக்கும்போது ஒன்று என இரண்டையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். பத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் வயதான அம்மாக்கள் முழிப்பார்கள். ‘பத்து ரூபா வலின்னா தாங்கவே முடியாதது, இப்ப எத்தன ரூபா?’ என்று கேளுங்கள், ‘நாலு ரூபா, எட்டணா’ என்று துல்லியமாகவே சொல்வார்கள்.

வயிற்று ஆபரேஷன்காரர்களுக்குப் பயத்தால் வரும் கெடுதல் மூட்டில் இல்லை, நெஞ்சில். தையல் பிரிந்துவிடும் என்று இருமலை அடக்குவார்கள், மேலோட்டமாக மூச்சு விடுவார்கள். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி, சளி தேங்கி, மூன்றாம் நாள் காய்ச்சல். இதை ஆபரேஷனுக்கு முந்தின நாளே பழக்க வேண்டும். மூன்று பந்து உள்ள மூச்சுக் கருவியைக் கொடுத்து, விழித்திருக்கும் நேரம் மணிக்கு 10 முறை இழுக்கச் சொல்லுங்கள். ஊதுவது இல்லை, இழுப்பது. பாதிப் பேர் ஊதிக்கொண்டிருப்பார்கள். இருமும்போது ஒரு தலையணையைத் தையல் மேல் இரண்டு கையாலும் அணைத்து அழுத்திக்கொள்ள வேண்டும். படுக்கையிலிருந்து நேராக எழக் கூடாது. ஒருக்களித்து, காலைக் கீழே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழ வேண்டும். சிசேரியனுக்கும் குடலிறக்கத்துக்கும் இதே முறைதான்.

பென்னாகரம்_வாசகர் (பதிவு 6)

படித்துக்கொண்டே வருகிறேன், மிக உதவியாக இருக்கிறது. அம்மாவுக்கு வயது 62. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் வலது முழங்கால் மாற்ற நாள் குறித்திருக்கிறார்கள், இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. முதுகில் ஊசி போட்டால் காலத்துக்கும் முதுகுவலி, மாத்திரை தின்றால் கிட்னி போய்விடும், மடக்கிவிடும்போது உயிர் போகும் என்று மூன்று பயம். வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும், நாள் வாரியாகச் சொன்னால் நல்லது.

பாலக்கோடு_பிசியோ (பதிவு 7)

தம்பி, மூன்று வாரம் தாராளம்.

இன்றே தொடங்க நான்கு பயிற்சி. பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, ஒரு தடவைக்கு 20. காலை நீட்டி முழங்காலைக் கட்டிலில் அழுத்தித் தொடையை இறுக்கி 5 எண்ணும் வரை பிடிப்பது, 10 முறை. குதிகாலைக் கட்டிலில் இழுத்து மடக்குவது, 10 முறை. நீட்டிய காலை ஒரு சாண் உயரம் தூக்கி 5 எண்ணி இறக்குவது, 10 முறை. காலை, மதியம், மாலை. தசை வலுவுக்கு மூன்று வாரம் குறைவுதான். ஆனால் ஆபரேஷன் முடிந்த மறுநாள் புதிதாக ஒன்றைக் கற்பதற்கும், தெரிந்ததையே செய்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். ‘இது நான் செஞ்சதுதானே’ என்ற எண்ணமே கையறு நிலையை உடைக்கும்.

வாக்கரை இப்போதே வாங்கி அம்மாவின் மணிக்கட்டு உயரத்துக்குப் பிடியைச் சரிசெய்து, வாசல் வரை நடக்கப் பழக்குங்கள். வாக்கர் முதலில், ஆபரேஷன் ஆன கால் அடுத்து, நல்ல கால் கடைசியில். கயிற்றுக் கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்துங்கள். உட்கார்ந்தால் முழங்காலை விட இடுப்பு ஒரு விரற்கடை மேலே இருக்க வேண்டும், கட்டிலும் ஆடக் கூடாது. கழிப்பறையில் குத்துக்கால் பீடம் என்றால் மேலே வைக்கும் நாற்காலி வாங்கியே ஆக வேண்டும். பல அம்மாக்களுக்கு வலியைவிட ‘ராத்திரி ஒண்ணுக்கு எப்படிப் போறது’ என்பதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு ‘வலி தாங்க மாட்டேன்’ என்று சொல்வார்கள்.

மடக்கும் அளவைப் பற்றி அம்மாவிடம் எண்ணிலேயே பேசுங்கள். சமதரையில் நடக்கச் சுமார் 65 டிகிரி போதும். படியேற 85. நாற்காலியிலிருந்து எழ 95. தாழ்வான இருக்கையிலிருந்து எழ 105. இரண்டாவது வாரம் 90 தொட்டால் நல்ல நிலை, ஆறாவது வாரத்தில் 110-ஐ நெருங்கலாம். ‘முழுசா மடக்கிவிடுவாங்க’ என்று நினைத்துப் பயப்படுகிறவரிடம் ‘இந்த வாரம் 70 மட்டும்’ என்று சொன்னால் முகமே மாறும்.

வலிக்கு ஒரு கணக்கு சொல்லிக்கொடுங்கள். பயிற்சியின்போது வலி பத்துக்கு 5 வரை ஏறலாம். ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கினால் சரியான பயிற்சி. மறுநாள் காலையில் வீக்கம் முந்தின நாளைவிடக் கூடியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், அடியோடு நிறுத்த வேண்டாம். வலிமாத்திரை சாப்பிட்டு 30 முதல் 45 நிமிடம் கழித்துப் பயிற்சி. முடிந்ததும் ஈரத்துண்டில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், வெறும் ஐஸைத் தோலில் வைத்தால் புண்ணாகும்.

இப்போது சொல்வதைத் தயவு செய்து கவனியுங்கள். மூட்டுக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது. வைத்தால் சுகமாக இருக்கும், அதுதான் ஆபத்து. வலிக்குப் பயந்தவர்கள் இருபது டிகிரி மடங்கிய நிலையில் தலையணை மேல் காலைப் போட்டபடி நாள் முழுக்க இருப்பார்கள். வீட்டாரும் பாவம் என்று எடுக்க மாட்டார்கள். இரண்டு வாரத்தில் பின்பக்கத் திசு அந்த நிலையிலேயே இறுகிவிடும். அப்புறம் கால் முழுசாக நீளாது, நடை நொண்டும், தொடைத் தசை ஓய்வில்லாமல் வேலை செய்து முன்முழங்கால் வலி தொடங்கும். மடக்குவதை விட்டதைப் பின்னால் ஓரளவு பிடிக்கலாம், நீட்டுவதை விட்டதைப் பிடிப்பது கடினம். தலையணை வேண்டுமென்றால் குதிகாலுக்கு அடியில், முழங்கால் அந்தரத்தில் தொங்கும்படி, 10 நிமிடம், நாளைக்கு மூன்று முறை.

தகடூர்_மயக்கவியல் (பதிவு 8)

பென்னாகரம் தம்பியின் மற்ற இரண்டு பயத்துக்கு.

முதுகு ஊசி: முடி போன்ற மெல்லிய ஊசி அது. நீண்டகால முதுகுவலிக்கு அது காரணம் இல்லை. ஆபரேஷனுக்குப் பின் சில நாள் ஊசி போட்ட இடத்தில் அழுத்தினால் நோகலாம், அவ்வளவுதான். உண்மையில் வரக்கூடியது தலைவலி, அதுவும் சிலருக்கு. உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும், முதல் சில நாட்களில் வரும், பெரும்பாலும் தானே அடங்கும். அடங்காவிட்டால் அதற்கும் சிகிச்சை இருக்கிறது. முன்பே தெரிந்தால் ‘மூளைக்கு ஏதோ ஆயிடுச்சு’ என்று அலற மாட்டார்கள்.

மாத்திரை: பாராசிட்டமால் தான் அடித்தளம். 50 கிலோவுக்கு மேல் எடையும் ஈரல் கோளாறு இல்லாமலும் இருந்தால் வழக்கமாக 1 கிராம், 6 மணிக்கு ஒருமுறை, நாளைக்கு 4 கிராமுக்கு மேல் கூடாது. 50 கிலோவுக்குக் கீழே கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில் மருத்துவர் குறைத்து எழுதுவார். கிட்னியைப் பாதிப்பது டைக்ளோஃபெனாக் வகை வலிமாத்திரை. ஏற்கெனவே கிட்னிக் கோளாறு, நீண்டநாள் சர்க்கரை, சில வகை இரத்த அழுத்த மாத்திரை உள்ளவர்களுக்கு அதைத் தவிர்ப்போம் அல்லது மிகச் சில நாள் மட்டும் தருவோம். உள்ளபடியே ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், எழுதிக்கொடுத்த மாத்திரையைப் பயந்து நான்காம் நாள் நிறுத்திவிட்டு, வலி தாங்காமல் ஏழாம் நாள் மருந்துக்கடையில் ‘வலிக்கு ரெண்டு குடுங்க’ என்று வாங்குவதில். அப்படி வாங்கும் மாத்திரையில் பல சமயம் டைக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கும். வீட்டில் இருப்பதோடு சேர்ந்தால் இரட்டை அளவு.

முதல் பத்து நாள் பாராசிட்டமாலை வலிக்கும்போது மட்டும் என்று இல்லாமல் மணிக்கணக்கில் கொடுங்கள். வலி ஏறிய பிறகு துரத்துவது கடினம். டிராமடால் என்ற கூடுதல் வலிமருந்து எழுதியிருந்தால் குமட்டலும் மலச்சிக்கலும் வரும், அதை வயிற்றுக் கோளாறு என்று பயப்பட வேண்டாம்.

இன்னொரு விஷயம், பெரும்பாலும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தொடையில் நரம்பு மரக்க ஊசி ஒருமுறை போட்டிருந்தால் அதன் பலன் 12 முதல் 24 மணி நேரத்தில் தீரும். பகல் முழுக்கச் சுகமாக இருந்துவிட்டு நடுராத்திரி திடீரென வலி ஏறும். ‘உள்ள ஏதோ உடைஞ்சுடுச்சு’ என்று அந்த ஒரு ராத்திரியில் முடிவு செய்கிறவர் மறுநாள் காலை ஊன்ற மறுப்பார். முன்னதாகவே ‘ராத்திரி மரப்பு விடும், அதுக்கு முன்னாடியே மாத்திரை கொடுத்துடுவோம்’ என்று சொல்லி, அப்படியே கொடுக்கவும் வேண்டும். சொல்லிவிட்டுக் கொடுக்காமல் போனால் சொல்லாததைவிட மோசம்.

பர்கூர்_ஆர்த்தோ (பதிவு 9)

தகடூர் டாக்டர் சொன்னதோடு சேர்த்து, பார்த்தால் பயமாக இருந்தும் தீங்கில்லாதவை: தழும்புக்கு வெளிப்புறம் ஒரு உள்ளங்கை அளவு மரத்திருப்பது (தோல் நரம்பின் கிளை அறுபடுவதால், பலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாகவே இருக்கும்), நடக்கும்போது ‘டக் டக்’ சத்தம், சில மாதம் வரை மூட்டில் லேசான சூடு, மாலையில் வீக்கம், தொடையிலிருந்து கணுக்கால் வரை இறங்கும் கருநீலம். இவற்றை டிஸ்சார்ஜ் சீட்டின் பின்பக்கம் தமிழில் எழுதித் தர வேண்டும் என்பது இந்த இழையைப் படித்த பின் எனக்குத் தோன்றுவது.

உடனே வர வேண்டியவை: கெண்டைக்கால் கல்லாக இறுகி வலித்து வீங்குவது, மூச்சுத் திணறல் அல்லது நெஞ்சுவலி, தையலிலிருந்து சீழ் அல்லது ஐந்து நாளுக்கு மேல் நீர்க்கசிவு, 101-க்கு மேல் காய்ச்சல், நேற்று ஊன்றிய காலை இன்று ஊன்றவே முடியாமல் போவது. மூச்சுத் திணறலுக்கு 108. இவற்றை ‘அவங்க எப்பவும் பயப்படுவாங்க’ என்று வீட்டார் தள்ளிவிடக் கூடாது. பயந்த சுபாவம் உள்ளவருக்கும் இரத்தக் கட்டி வரும்.

வலி மூன்று மாதம் தாண்டியும் தங்கினால்தான் அதை நாட்பட்ட ஆபரேஷன் வலி என்று பெயரிடுகிறோம். அதற்கு முன் பெயர் வைத்து யாரையும் கலவரப்படுத்தாதீர்கள்.

ஓசூர்_மனநல_ஆலோசகர் (பதிவு 10)

பென்னாகரம் தம்பி, அம்மாவிடம் ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா’ என்று சொல்லாதீர்கள். அந்த வார்த்தையோடு பேச்சு முடிந்துவிடும், பயம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ‘என்ன ஆகும்னு நினைக்கிறம்மா?’ என்று கேட்டு, முழுக்கச் சொல்ல விடுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் ‘அப்படி ஆனா இப்படிச் செய்வோம்’ என்று ஒரு வரி. ‘ராத்திரி வலி கூடினா மணி அடிச்சு சிஸ்டரக் கூப்பிடுவோம். மடக்கும்போது தாங்கலைன்னா நிறுத்துன்னு கை தூக்குவ, அவங்க நிறுத்துவாங்க.’ கை தூக்கும் சைகையைப் பிசியோவிடம் முன்பே பேசி வையுங்கள். நிறுத்தும் உரிமை தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தவர் பெரும்பாலும் கூடுதலாகவே தாங்குவார்.

மூச்சுப் பயிற்சி: 4 எண்ணி உள்ளே, 6 எண்ணி வெளியே, 5 நிமிடம், தூங்கும் முன். ஆபரேஷனுக்கு முந்தைய தூக்கம் கெட்டால் பிந்தைய வலி கூடும், அதனால் இது சின்ன விஷயம் இல்லை.

பிறகு, பார்க்க வருகிறவர்கள். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு அன்போடுதான் வருவார்கள். கட்டிலோரம் உட்கார்ந்ததும் ‘எங்க சின்னம்மாவுக்கு இதே ஆபரேஷன்தான், பாவம் இன்னிக்கும் நடக்க முடியல’ என்று தொடங்குவார்கள். முதல் பத்து நாள் வாசலிலேயே ஒருவர் நின்று பேசி அனுப்புங்கள். நன்றாகத் தேறிய ஒருவர் ஊரில் இருந்தால் அவரை ஆபரேஷனுக்கு முன்னாலேயே அழைத்து வந்து நடந்து காட்டச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் எடுத்துக் கையில் கொடுக்காதீர்கள். தண்ணீர்ச் சொம்பைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்காமல் நான்கு எட்டு தள்ளி மேசையில் வையுங்கள். கூட நின்றுகொள்ளுங்கள்.

சாப்பிடாமல், தூங்காமல், ‘நான் இருந்து என்ன’ என்று பேசினால் அது வலிபயம் இல்லை, மனச்சோர்வு. அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள்.

ஊத்தங்கரை_செவிலி (பதிவு 11)

வீட்டுக்குப் போன பிறகு பிசியோவுக்கு வண்டி கிடைக்கவில்லை என்று நின்றுபோவது நம் பக்கம் அதிகம், குறிப்பாக மலையோர ஊர்களில். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே பிசியோ வருவார்கள். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கப்பட்டதே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்துவிடுங்கள். சந்தேகம் கேட்க மருத்துவ உதவி எண் 104.

பத்தியம் என்று பருப்பு, முட்டையை நிறுத்தாதீர்கள். சீழுக்குக் காரணம் கிருமி, பருப்பு இல்லை. புண் ஆறவும் தொடைத் தசை தேறவும் புரதம் வேண்டும்.

பென்னாகரம்_வாசகர் (பதிவு 12)

எல்லோருக்கும் நன்றி. மனநல ஆலோசகர் சொன்னபடி முழுக்கச் சொல்ல விட்டோம். முதுகு ஊசியும் மடக்குவதும் பேசி முடித்த பிறகு கடைசியாக வந்தது வேறு. ‘இனிமே தரையில குந்தி களி கிண்ட முடியாதா, அப்ப வீட்டுல எனக்கு என்ன வேலை?’ இதற்கு என்ன பதில் சொல்வது?

பாலக்கோடு_பிசியோ (பதிவு 13)

உள்ளதைச் சொல்லுங்கள். குந்துவதும் சம்மணம் போடுவதும் மாற்றிய மூட்டுக்கு நல்லதில்லை, அதை விட்டுவிட வேண்டும். களி கிண்டுவதை விட வேண்டியதில்லை.

அடுப்பை இடுப்புயர மேடைக்கு மாற்றுங்கள். ஆனால் களிப்பானையை அதே உயரத்தில் வைத்தால் துடுப்பு மார்புக்கு வந்துவிடும், தோள்பட்டை வலிக்கும். பானையின் வாய் தொப்புள் உயரத்துக்கு வரும்படி ஒரு தாழ்வான திட்டு தனியாகக் கட்டுங்கள். பானை சுழலாமல் பிடிக்க இரும்புக் கவை ஒன்று. தரையில் காலால் பானையை அண்டக் கொடுத்துக் கிண்டிய பழக்கம் இருக்கும், இனி அந்த வேலையைக் கவைதான் செய்ய வேண்டும். ஒரு காலைச் சற்று முன்னே வைத்து, இரண்டிலும் எடை போட்டு நிற்க வேண்டும்.

ஆறாவது வாரம் வரை பக்கத்தில் உயரமான முக்காலியில் உட்கார்ந்து மாவு கரைப்பது, பதம் பார்ப்பது. ஆறாவது வாரத்துக்குப் பிறகு 10 நிமிடம் நின்று சமையல். முழுப் பானை கிண்டுவது மூன்று மாதம் கழித்து, முதலில் இரண்டு பேருக்கு அளவான கேழ்வரகு மாவில் தொடங்கட்டும். திட்டை ஆபரேஷனுக்கு முன்பே கட்டிவிடுங்கள், அம்மாவை நிற்க வைத்து உயரத்தை அளந்து.